கேவுரு மேல ஓடுன பஸ்ஸு

டிசம்பர் 1, திங்கள்

மக்களே, கவர்மெண்ட்டு நம்ம கேவுரை வாங்கப் போகுது, நம்ம கொட்டாய்க்குப் புது பஸ்ஸும் வரப் போகுது, ரெண்டு நியூஸும் ஒரே டீக்கடையில ஒரு கிளாஸ் டீ முடியறதுக்குள்ள காதுல விழுந்துச்சு, ஓடி வந்து டைப் பண்றேன்!

தெரியும், நீங்க பஸ்ஸுக்காகத்தான் இந்தச் சேனல்ல இருக்கீங்க. கேவுருன்னா கேழ்வரகு, ராகி, உங்க ஊர்ல என்ன சொல்றீங்களோ அது. இந்த ஒரு மாசம் ரெண்டையும் சேத்துத்தான் எழுதப் போறேன், டைரி மாதிரி. புடிக்காதவங்க மியூட் பண்ணிக்கோங்க. லெஃப்ட் மட்டும் ஆயிடாதீங்க.

புதுசா வந்தவங்களுக்கு: நான் லாவண்யா. ப்ளஸ் டூ முடிச்சு வீட்ல இருக்கேன். அட்மின் ப்ரோ, அட்மின் ப்ரோன்னு கூப்புடறீங்க, பரவால்ல, பழகிருச்சு. ஊரு தர்மபுரி மாவட்டம், மலையடிவாரம், மொட்டையன் கொட்டாய். கொட்டாய்னா எங்க பக்கம் சின்ன ஊரு. பஸ்ஸு இதுக்கு மேல போகாது, ரிவர்ஸ் எடுத்துத் திரும்பணும். பஸ்ஸைப் பத்தி எனக்கு யாரும் சொல்லித் தரல. சத்தத்தை வெச்சே எந்த டெப்போ வண்டின்னு சொல்றது, ஜன்னல் கம்பியைப் பாத்து பாடி எங்க கட்டுனதுன்னு சொல்றது, எல்லாம் வீடியோ பாத்துக் கத்துக்கிட்டதுதான்.

வீட்ல இப்ப நானும் ரெண்டு ஆடும். அப்பா அம்மா தம்பி தருண் மூணு பேரும் அறுப்பு முடிஞ்ச கையோட பெங்களூர் போயிட்டாங்க, கட்டட வேலைக்கு. தருண் அஞ்சாவது. அவனை எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்கன்னு கேட்டேன், ஒரு மாசந்தானே, அம்மா இல்லாம சாப்புட மாட்டான்னு அப்பா சொன்னாரு. அறுத்த கேவுரு கதிரு வீட்டுப் பின்னாடி போரா குவிஞ்சு கெடக்கு. அது பதமாகி, அடிச்சு, வித்து முடிக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நான்.

இன்னைக்குப் போன் போட்டு நியூஸைச் சொன்னதும் அப்பா ஒரே பேச்சுல முடிச்சுட்டாரு. கவர்மெண்ட்டுக்குப் போட்டுட்டா அந்த வெலைக்கு இந்த வருஷத்தை ஓட்டிரலாம், அம்மாவையும் தருணையும் அனுப்பிடறேன். பழையபடி வியாபாரிக்குத்தான்னா நீயும் வீட்டைப் பூட்டிக்கிட்டுக் கெளம்பி வந்துரு.

அப்புறம் பஸ். புத்தம் புது வண்டி. பத்தாந்தேதி மொத ட்ரிப்.

டிசம்பர் 2, செவ்வாய்

காலையில வி.ஏ.ஓ. ஆபீஸ். நெலத்துல என்ன வெளைஞ்சுதுன்னு அடங்கல் சீட்டு வாங்கி, போன்லயே ரிஜிஸ்டர் பண்ணி டோக்கன் எடுத்தேன். அப்பா நம்பருக்கு ஓடிபி போகும், அவரு மேல் மாடியில கலவை போட்டுக்கிட்டு இருந்தா போன் எடுக்க மாட்டாரு, ஓடிபி செத்துப் போயிரும். நாலாவது தடவை கெடச்சுது. நம்பரைச் சொல்லிட்டு வெச்சுட்டாரு. பரவால்ல, குரலையாச்சும் கேட்டாச்சு.

மூட்டையைக் கொண்டு போய்ப் போட வேண்டிய டோக்கன் தேதி பதினேழு.

வர்ற வழியில ஸ்கூல்ல கோமதி டீச்சரைப் பாத்தேன். ஹெச்.எம். இப்ப அவங்கதான், டீச்சரும் அவங்கதான். தருண் எப்ப வரான்னு கேட்டாங்க. அரையாண்டு லீவு முடிஞ்சு ஜனவரி அஞ்சு ஸ்கூல் தொறக்குது. அதுவரைக்கும் வயித்து வலி, ஜொரம்னு ஏதாச்சும் சொல்லி வெக்கிறாங்களாம், அதுக்கு மேல அவங்களாலயும் முடியாது, ஆன்லைன்ல 'நீண்ட நாள் வரவில்லை'ன்னு ஏத்தியாகணும். நாலாவதுலயும் அஞ்சாவதுலயும் இப்படியே நாலு பேரு போயிட்டாங்களாம். போனவங்க யாரும் திரும்பி ஆறாவது சேரலயாம்.

கவர்மெண்ட்டு எதுக்கு மேம் திடீர்னு கேவுரு வாங்குதுன்னு கேட்டேன். ரேஷன்ல போடறதுக்காம். ஊர்க்காரன் வெளைய வெச்சதை நல்ல வெலைக்கு வாங்கி ஊர்ப் புள்ளைங்களுக்கே போடறது, இதுல யாருக்கு நஷ்டம்னு டீச்சர் கேட்டாங்க. வியாபாரிக்குன்னு சொன்னேன். சிரிச்சாங்க.

சாயங்கால ட்ரிப்: எறங்குனது ஒரு கோழிக்கூடை, கண்டக்டர்.

டிசம்பர் 5, வெள்ளி

ஒருத்தர் கமெண்ட்ல கேட்டிருந்தாரு, தெனமும் சாயங்கால ட்ரிப்புக்கு மட்டும் எப்படி ப்ரோ கரெக்டா ஸ்டாப்புல இருக்கீங்கன்னு. லைட்டிங் ப்ரோ. அந்த நேரத்து வெயில்ல வண்டி செமயா இருக்கும்.

எறங்குனது: யாரும் இல்ல.

டிசம்பர் 6, சனி

தருண் வீடியோ கால் பண்ணான். அம்மா போன்ல. பின்னாடி மிஷின் சத்தம், பாதி கேக்கல. ஊட்டா ஆய்த்தான்னு கேக்கறான். சாப்பாடு ஆச்சான்னு அர்த்தமாம். கன்னடம் கத்துக்கிட்டானாம். நீங்க தங்கற ஷெட்டு எப்படிடா இருக்குன்னா சூப்பரா இருக்கு, தகரம், மழை பேஞ்சா டிரம்ஸ் மாதிரி இருக்குங்கறான். படிக்கிறியான்னு கேட்டேன், போனை அம்மாகிட்ட குடுத்துட்டான்.

கையெல்லாம் வெள்ளையா இருந்துச்சு அவனுக்கு. முழங்கை வரைக்கும். சுண்ணாம்புல வெளையாடுவான் போல. அங்க விட்டா எல்லாத்துலயும் வெளையாடுவான்.

களி கிண்டுனேன். ஒரு ஆளுக்குக் களி கிண்டவே வராது, ட்ரை பண்ணிப் பாருங்க. எப்படிப் போட்டாலும் மூணு உருண்டை வந்துருது. ஆட்டுக்கு வெச்சேன்.

டிசம்பர் 8, திங்கள்

ரோட்டுக்கு பேட்ச் ஒர்க் பண்ணிட்டாங்க. புது பஸ்ஸு வருதில்ல, அதுக்காக. பள்ளத்துக்கெல்லாம் தாரு ஊத்திப் பொடி ஜல்லி கொட்டி ரோலர் விட்டாங்க. நான் போய் நின்னு வீடியோ எடுத்தேன். நம்ம ரோட்டுக்கு ரோலர் வந்து நான் பாத்ததே இல்ல.

இப்ப மேட்டர். நாளைக்குப் பழைய வண்டிக்குக் கடைசி நாள். ட்ரைவர் தங்கராசு அண்ணனுக்கும் இந்த ரூட்ல கடைசி நாள், வேற ரூட்டுக்கு மாத்திட்டாங்க.

எங்க பக்கம் கேவுரை எப்படி அடிப்போம்னு உங்களுக்குத் தெரியாதுல்ல. முன்ன மாடு கட்டிக் கல்லு உருட்டுவாங்க. மாடு போயிருச்சு. அப்புறம் ஆளுங்க சேந்து தடியால அடிப்பாங்க, இன்னைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு, மாத்தாளுன்னு பேரு. இப்ப ஆளும் போயிருச்சு. மிச்சம் இருக்கறது ரோடும் பஸ்ஸுந்தான். கதிரை ரோட்டுல பரப்பி வெச்சா பஸ்ஸு மேல ஏறி எறங்கி மணி உதிந்துரும். கூட்டி அள்ளித் தூத்திக்க வேண்டியதுதான். எங்க ஏரியா களத்துமேடே அந்த பஸ்ஸுதான்.

நாளைக்குப் பரப்பிரலாம்னு முடிவு பண்ணிட்டேன். போரு இன்னும் நாலு நாள் கெடக்கலாம்னு பச்சியம்மா சின்னம்மா சொன்னாங்க. பக்கத்து வீடு, அவங்க வீட்டுக்காரரும் பெங்களூர்தான். ஆனா கடைசி நாள் மக்களே. தங்கராசு அண்ணன் மாதிரி யாரும் பொறுமையா ஓட்ட மாட்டாங்க.

டிசம்பர் 9, செவ்வாய்

வேற லெவல் நாள்.

விடியக்காலையில இருந்து கதிரைக் கட்டுக் கட்டாத் தூக்கிட்டுப் போய்ப் போட்டேன். தலையில வெச்சா கழுத்துக்குள்ள சொணை போய் அரிக்கும், அது ஒரு மாதிரி அரிப்பு, குளிச்சாலும் போகாது. திரும்பற எடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி ரோடு நல்லா அகலம். அங்கதான் புது பேட்சு. கறுப்பா மொழுமொழுன்னு இருந்துச்சு, பழைய ரோடு மாதிரி குண்டும் குழியும் இல்ல. இதைவிட நல்ல களம் எங்க கெடைக்கும்னு அதுமேலயே பரப்புனேன்.

மொத ட்ரிப் வந்துச்சு. தூரத்துலயே தங்கராசு அண்ணன் பாத்துட்டாரு. ஸ்லோ பண்ணி, கியரைக் கொறச்சு, மெத்தை மேல நடக்கற மாதிரி ஏத்துனாரு. சக்கரத்துக்கு அடியில நொறுநொறுன்னு ஒரு சத்தம். ரிவர்ஸ்ல ஒரு தடவை, திரும்பிப் போறப்ப ஒரு தடவை. ஜன்னல்ல கைய வெச்சுக்கிட்டு என்னைப் பாத்து, "ஏம்மா, அடிக்கிற கூலிக்கு எனக்கு ஒரு உருண்டை களி எங்க?" அப்படின்னாரு.

"நாலு உருண்டை இருக்குது அண்ணா, எறங்கி வாங்க" அப்படின்னேன்.

நெசமாவே எறங்கி வந்துட்டாரு. கண்டக்டரும். பழைய வண்டி நிழல்ல நின்னுக்கிட்டுக் கீரைக் கொழம்பு தொட்டு மூணு பேரும் சாப்புட்டோம். புது வண்டியில புது ட்ரைவர், அவர்கிட்ட இதெல்லாம் எதிர்பாக்காதன்னு சொன்னாரு. ரொம்ப நாளைக்கு அப்புறம் களி மிச்சம் இல்லாம காலி.

அஞ்சு ட்ரிப்புல கதிரு பூரா உதிந்துருச்சு. கடைசி ட்ரிப்ல அண்ணன் ஏர் ஹார்னை நீட்டி அடிச்சுட்டுப் போனாரு. அந்த வீடியோவைத்தான் இப்ப நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கீங்க. சேனல்ல இதுவரைக்கும் எதுக்கும் இவ்ளோ ஹார்ட் வந்ததில்ல.

டிசம்பர் 10, புதன்

புது வண்டிக்கு மாலை போட்டோம். 'போட்டோம்'னா நான், பச்சியம்மா சின்னம்மா, டீக்கடைக்காரரு, ஒரு நாய்.

கலர், கதவு, கண்ணாடி எல்லாம் தனிப் போஸ்ட்டா வருது. இங்க ஒண்ணு மட்டும். சின்னம்மா அவங்க கதிரை ரோட்டுல பரப்பி வெச்சிருந்தாங்க. புது ட்ரைவர் அன்பழகன் சார் நிறுத்திட்டாரு. எறங்கி வந்து அவரே ஓரத்துல வாரிப் போட்டாரு. சின்னம்மா வாய் சும்மா இருக்குமா, பெரிய ஏரோப்ளேன் ஓட்ட வந்துட்டான்னு ஆரம்பிச்சுட்டாங்க.

ஆனா மக்களே, அவரு சொல்றதுதான் கரெக்ட். புது வண்டியில பொகையை வடிகட்டற டப்பா ஒண்ணு அடியில இருக்கு, அது பயங்கரமா சூடாகும். காஞ்ச வைக்கோலு சுத்துனா தீப்பிடிச்சுரும். நான் சின்னம்மாகிட்ட இதை எக்ஸ்ப்ளெயின் பண்ணேன். "நீ பஸ்ஸு பக்கமா, என் பக்கமாடி?" அப்படின்னாங்க. 

என் கேவுரு நேத்தே முடிஞ்சுது. நல்லவேளை.

எறங்குனது: யாரும் இல்ல. புது வண்டியில யாரும் எறங்காம பாக்கறது இன்னும் ஒரு மாதிரி இருக்கு, சீட்டெல்லாம் அவ்ளோ பளபளன்னு இருக்கறதால.

டிசம்பர் 14, ஞாயிறு

நாலு நாளா தூத்தறது, புடைக்கறது, மூட்டை கட்டறது. காத்து வர்ற நேரம் பாத்து மொறத்துல தூக்கிப் பிடிச்சா சொங்கு பறக்கும், மணி கீழ விழும். தோள் ரெண்டும் கழண்டு போச்சு. மூட்டை எல்லாத்தையும் தருண் படுக்கற எடத்துல அடுக்கிட்டேன், வேற எடம் இல்ல.

அம்மா போனுக்கு அடிச்சேன், அவன் எடுக்கல. வேலையா இருப்பாங்க.

டிசம்பர் 17, புதன்

இதை எழுதணுமான்னு தெரியல.

சின்ன வேன் புடிச்சு மூட்டையை ஏத்திக் கொள்முதல் நிலையம் போனேன். வரிசையில நின்னு என் டோக்கன் வந்துச்சு. அங்க செக் பண்றது ஒரு அக்கா, தமிழரசி மேடம்னு கூப்புட்டாங்க. மூட்டையில கம்பியக் குத்தி சாம்பிள் எடுத்தாங்க, தட்டுல பரப்புனாங்க, வெரலால தள்ளித் தள்ளிப் பாத்தாங்க. அப்புறம் ஒண்ணை எடுத்து என் உள்ளங்கையில வெச்சாங்க.

கறுப்பா, கேவுரு மணி சைஸுக்கே ஒரு கல்லு. தாரு ஒட்டி இருந்துச்சு.

இன்னொரு மூட்டை. அதுலயும். எல்லாத்துலயும். புது பேட்ச்ல ஒட்டாம கெடந்த பொடி ஜல்லி பூரா என் கேவுருக்குள்ள வந்துருச்சு. பழைய குண்டும் குழியுமான ரோட்டுல போட்டிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது.

ரோட்டுல போட்டியாம்மான்னு கேட்டாங்க. தலையாட்டுனேன். அவங்க திட்டல. "இது ரேஷனுக்குப் போறதும்மா. நாளைக்கு ஒரு புள்ள வாயில இது கடிபட்டா, உன்னையாம்மா கேப்பாங்க?" அப்படின்னாங்க. மாசக் கடைசிக்குள்ள கல்லெடுத்துக் காய வெச்சுக் கொண்டாந்தா இதே டோக்கன்ல எடுத்துக்கறேன், அதுக்கு மேலன்னா இந்த சீசன் முடிஞ்சுதுன்னாங்க.

கேட்டுக்கு வெளிய வியாபாரி சென்னப்பன் மாமா வண்டியோட நிக்கறாரு. தெனமும் அங்கதான் நிப்பாரு போல. திருப்பி அனுப்பற மூட்டை எல்லாம் அவருக்குத்தான். "பாப்பா, கவர்மெண்ட்டு கல்லைப் பாக்கும். மாமா ஆளைத்தான் பாப்பேன், எறக்கு" அப்படின்னாரு. வெலை கேட்டேன். அந்த வெலைக்கு எறக்குனா வேன் கூலி போக நான் பெங்களூர் போற பஸ்ஸுக்கு வரும். வேற ஒண்ணுக்கும் வராது.

வேன்காரரு எறக்கிருன்னாரு. நான் வண்டியைத் திருப்பச் சொல்லிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு வர்ற வழியெல்லாம் யோசிச்சேன்.

டிசம்பர் 18, வியாழன்

அப்பாகிட்ட இன்னும் சொல்லல. பஸ் போட்டோ இன்னைக்கு இல்ல, சாரி.

டிசம்பர் 19, வெள்ளி

கேவுருல இருந்து கேவுரு சைஸ் கல்லை மொறத்துல எடுக்க முடியாது. ஒரே வழி அரிக்கறது. அகலமான பாத்திரத்துல தண்ணி ஊத்தி, கேவுரைப் போட்டு, சுத்திச் சுத்தி ஆட்டணும். கல்லு கனம், அடியில தங்கிரும், மணியை மேலாக்கத் தண்ணியோட இன்னொரு பாத்திரத்துக்குச் சாய்க்கணும். களிக்கு மாவு அரைக்கறதுக்கு முன்னாடி வீட்ல ரெண்டு படி அரிப்போம். மூட்டைக் கணக்குல யாரும் அரிச்சதில்ல.

வீடியோ தேடுனேன். எதுலயும் இல்ல.

பச்சியம்மா சின்னம்மா வந்து வாசப்படியில உக்காந்தாங்க. பத்தாந்தேதியில இருந்து என்கிட்ட அவங்க பேசல. அவங்க கதிரு இன்னும் போராவே கெடக்கு, டோக்கனும் எடுக்கல, போன்ல அதெல்லாம் வராது. "நீ எனக்கு டோக்கன் போடு. நான் உனக்கு அரிக்கறேன்" அப்படின்னாங்க.

மாத்தாளு மக்களே. டோக்கனுக்கு மாத்தாளு.

அவங்க ஓடிபி மொத தடவையே வந்துருச்சு. அவங்க வீட்டுக்காரரு போனைக் கையிலயே வெச்சிருந்தாராம். ரெண்டு நிமிஷம் சும்மா பேசிக்கிட்டாங்க, நான் வெளிய போயிட்டேன்.

டிசம்பர் 22, திங்கள்

அரிச்சோம், அரிச்சோம், அரிச்சோம். வெரல் நுனியெல்லாம் வெளுத்து மடிஞ்சு போச்சு. என் கையைப் பாத்தா தருண் கை மாதிரியே இருக்கு.

சின்னம்மா வேலை செய்யறப்ப ஊர்க்கதை எல்லாம் வரும். நான் சிரிச்ச சத்தம் எனக்கே புதுசா இருந்துச்சு. கல்லை ஒரு டப்பாவுல சேத்து வெச்சோம், உன் ரோடு போட்டவனுக்குப் பார்சல் அனுப்புடின்னாங்க.

ஆனா இப்ப கேவுரு பூரா ஈரம். ஈரத்தோட போனா அங்க மெஷின் வெச்சுப் பாத்துத் திருப்பிருவாங்க. வானம் மூடிக்கிட்டு இருக்கு. மார்கழிப் பனி வேற, மத்தியானம் வரைக்கும் வெயிலே இல்ல. மண்ணுல கொட்ட முடியாது, ரோட்டுல கொட்டவே முடியாது. வீட்டுக்குள்ள பரப்பி ஃபேன் போட்டேன். ரெண்டு ஆடும் நானும் வெளிய.

டிசம்பர் 23, செவ்வாய்

பரப்பி வெச்ச கேவுருல ஓரமா லேசா மொளைக்கற வாசனை வர்ற மாதிரி இருந்துச்சு. ஓடிப்போய் கோமதி டீச்சர்கிட்ட கேட்டேன், ஸ்கூல் சிமெண்ட்டுத் தளத்தைத் தருவீங்களான்னு. நாளையில இருந்து லீவு. யோசிச்சாங்க. ஏதாச்சும் கம்ப்ளெயிண்ட் வந்தா அவங்க பேருதான் கெடும்.

சாவியை எடுத்துக் குடுத்தாங்க. "அஞ்சாந்தேதி காலையில ஒரு கேவுரு மணி கூட இங்க இருக்கக்கூடாது. தருண் இருக்கணும்" அப்படின்னாங்க.

டிசம்பர் 26, வெள்ளி

மூணு நாளா ஸ்கூல்லதான் இருக்கேன். தளத்துல மெலிசாப் பரப்பி, கால் வெரலாலயே கோடு கோடாக் கெளறி விடணும். குருவி வரும், வெரட்டணும். மேகம் வெலகுனா ஓடிப்போய் கெளறணும். மூடுனா தார்ப்பாயை இழுக்கணும். வேற வேலை இல்ல, பேச ஆளும் இல்ல. ஜன்னல் வழியா அஞ்சாவது கிளாஸ் தெரியுது. சுவத்துல பசங்க வரைஞ்ச படம் ஒட்டியிருக்கு. தருண் வரைஞ்சது பஸ்ஸு. சக்கரம் ஆறு போட்டிருக்கான், பின்னாடி ரெட்டைச் சக்கரம்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்.

இங்க இருந்து ஸ்டாப்பு தெரியாது. அதனால எத்தன பேரு எறங்குனாங்கன்னு தெரியல. நீங்களும் யாரும் கேக்கல.

டிசம்பர் 29, திங்கள்

எடுத்துக்கிட்டாங்க.

தமிழரசி மேடம் சாம்பிளைத் தட்டுல ரொம்ப நேரம் தள்ளித் தள்ளிப் பாத்தாங்க. அப்புறம் ரெண்டு மணி எடுத்துப் பல்லுல வெச்சுக் கடிச்சாங்க. மெஷின்லயும் வெச்சாங்க. மூட்டைக்கு மேல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டாங்க, அவ்ளோதான், தூக்கறவங்க வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க கேவுரு கவர்மெண்ட்டு கேவுரு ஆயிருச்சு. காசு அப்பா அக்கவுண்ட்டுக்கு நேரா போயிருமாம்.

வெளிய சென்னப்பன் மாமா நின்னாரு. நான் காலி வண்டியில போறதைப் பாத்து, "அடுத்த வருஷமும் வாங்குவானான்னு கேட்டியா பாப்பா? நான் வருஷா வருஷம் வாங்குவேன்" அப்படின்னாரு. கேக்கலதான். கேட்டிருக்கணும்.

இருந்தாலும் வண்டியில பாட்டு போடச் சொன்னேன். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, தருணுக்குன்னு மூணு வாய்ஸ் மெசேஜ். தருணுக்கு அனுப்புனதுல புது வண்டி ஹார்ன் சத்தமும் சேத்து.

டிசம்பர் 31, புதன்

காசு ஏறிருச்சுன்னு அப்பா சொன்னாரு. நல்லா பண்ணிட்டம்மான்னு சொன்னாரு. எப்ப அனுப்பறீங்கன்னு கேட்டேன்.

மேஸ்திரி விடமாட்டேங்கறாராம். இன்னொரு தளம் போடணுமாம், அதுவரைக்கும் அம்மா கெளம்ப முடியாதாம். அவரும் முடியாதாம். தருணைத் தனியா எப்படி அனுப்பறதுன்னாரு. மார்ச்சு மாசம் உகாதிக்குப் பாக்கலாம், ஸ்கூலு எங்க ஓடிப் போகுதுன்னாரு. அப்பா கெட்டவரு இல்ல மக்களே. அவரு குரல்லயே தெரிஞ்சுது, அவருக்கும் இதைச் சொல்ல வரல. அம்மாகிட்ட குடுங்கன்னேன். அவ வேலையா இருக்கான்னாரு.

வீடு காலியா இருக்கு. மூட்டை இருந்த எடம் மட்டும் சுத்தமா, சதுரமா.

நியூ இயர் விஷ் பண்ணவங்களுக்கு எல்லாம் தேங்க்ஸ்.

ஜனவரி 1, வியாழன்

தருண் கூப்புட்டான். அம்மா போனை எடுத்துட்டு வெளிய வந்து கூப்புட்டிருக்கான், மூச்சு வாங்குது. ரகசியமாப் பேசறான்.

"அக்கா, கேவுரை எடுத்துக்கிட்டாங்கல்ல?"

"எடுத்துக்கிட்டாங்கடா."

"அப்ப நாளைக்கு நான் வேலைக்குப் போக வேணாமா?"

ஜனவரி 2, வெள்ளி

நைட்டு பூரா யோசிச்சுட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். நானே வந்து தருணைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்.  தனியா வந்துருவியான்னு கேட்டாரு. வந்துருவேன்னேன். சரின்னாரு. பின்னாடி அம்மா அழுவற சத்தம் கேட்டுச்சு.

ஆட்டைச் சின்னம்மா பாத்துக்கறாங்க. மாத்தாளு என்னான்னு கேட்டேன், போய்ட்டு வாடின்னாங்க.

இப்ப உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அட்மின் ப்ரோ, ஓசூர் டெப்போ வண்டி எப்படி, கிருஷ்ணகிரியில எந்த வண்டி எத்தன மணிக்குன்னு எல்லாம் கேப்பீங்க, நானும் டக்கு டக்குன்னு சொல்லுவேன். நான் தர்மபுரியைத் தாண்டிப் போனதே இல்ல. ஒரு தடவை கூட. எல்லாம் வீடியோவுல பாத்ததுதான், நீங்க எடுத்த வீடியோ. அப்பா வேலை செய்யற எடத்துக்கு அத்திப்பள்ளியில எறங்கி சர்ஜாபூர் போற பஸ்ஸு மாறணுமாம். அது எந்தப் பக்கம் நிக்கும்னு எனக்குத் தெரியாது. போர்டு கன்னடத்துல இருக்கும். நேத்துல இருந்து சர்ஜாபூர்ங்கற அந்த ஒரு வார்த்தையைத்தான் கன்னடத்துல எழுதி எழுதிப் பாக்கறேன்.

நாளைக்குச் சனிக்கெழம மொத ட்ரிப்ல கெளம்பறேன். ஞாயித்துக்கெழம அவனோட திரும்பறேன். திங்கக்கெழம காலையில அவன் ஸ்கூல்ல இருக்கணும்.

அதனால இந்தப் போஸ்ட்டை உங்களுக்குத் தெரிஞ்ச எல்லா பஸ் குரூப்லயும் போடுங்க. கிருஷ்ணகிரியில யாரு இருக்கீங்க? ஓசூர்ல? அத்திப்பள்ளியில? வீட்டு வேலையை விட்டுட்டு வர வேணாம். பேசக்கூட வேணாம். நான் வர்ற நேரத்துக்கு ஸ்டாண்டுல, நான் ஏற வேண்டிய வண்டி பக்கத்துல நின்னு ஒரு கை தூக்குங்க, அது போதும், அடையாளம் கண்டுக்குவேன். பச்சைச் சுடிதார், சிவப்புப் பை.

திரும்பறப்ப ரெண்டு பேரா வருவோம். ஓசூர்ல ஞாயித்துக்கெழம கூட்டம் மொய்க்கும்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. எங்களுக்கு முன்னாடி ஏறி, அவனுக்கு ஒரு ஜன்னல் சீட்டுல துண்டு போட்டு வெக்க யாரு வரீங்க? கீழ பேரைச் சொல்லுங்க.